‘லெட் மீ ஸ்லீப் ஆன் இட்’ என்றால் மறுத்துவிட்டார் என்று பொருளா?

கோயம்புத்தூரில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை ஒருவர் கேட்ட கேள்வி இது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு வீடியோ காலில் கொட்டேஷனை விளக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அந்த மனிதர், “தாங்க்ஸ், லெட் மீ ஸ்லீப் ஆன் இட்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உடனே டீம் லீட், “அவ்வளவுதான், கதை முடிஞ்சுது, அடுத்த ஆளைப் பாருங்க” என்றாராம். அது உண்மையா என்பது தங்கையின் முதல் கேள்வி. போன மாதம் தன் சம்பள விஷயத்தில் ஹெச்.ஆருக்கு “ஐ வில் ஸ்லீப் ஓவர் இட்” என்று மெயில் எழுதினாராம். அது சரியா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன். அவர் மறுக்கவில்லை. “இன்று ராத்திரி போகட்டும், நாளைக்குச் சொல்கிறேன்” என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒரு முடிவை உடனே எடுக்காமல், ஒரு இரவு தூங்கி எழுந்து, தெளிந்த மனதோடு எடுப்பதுதான் ‘ஸ்லீப் ஆன் இட்’. அதிலுள்ள ‘இட்’ என்பது கையில் இருக்கும் விஷயம்: உங்கள் கொட்டேஷன், ஒரு வேலை வாய்ப்பு, வாங்க நினைக்கும் வீடு, எதுவாகவும் இருக்கலாம்.

டீம் லீட் அப்படிப் புரிந்துகொண்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் “யோசிச்சுச் சொல்றேன்” என்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி, காப்பி எல்லாம் முடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே “ஊருக்குப் போய்க் கடிதம் போடறோம்” என்பார்கள். அந்தக் கடிதம் வராது என்று வீட்டில் எல்லோருக்கும் அப்போதே தெரிந்துவிடும். முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல நமக்கு மனசு வராது. அதனால் காலத்தைத் தள்ளிப்போட்டு, அந்த இடைவெளியிலேயே மறுப்பை வைத்துவிடுகிறோம். கேட்கிறவரும் அதைப் புரிந்துகொண்டு மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிடுகிறார். நல்ல மரியாதைதான் அது. ஆனால் ‘ஸ்லீப் ஆன் இட்’டை இந்தக் காதால் கேட்டால் தவறாகத்தான் கேட்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது வருஷத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். இங்கிலாந்திலிருந்து ஒரு பையர் நேரிலேயே வந்திருந்தார். குழந்தைகளுக்கான டி-ஷர்ட். சாம்பிளை மேஜையில் விரித்து, தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். கழுத்து ரிப்பை விரித்து விட்டுப் பார்த்தார். ரேட் கேட்டார். பீஸுக்கு இரண்டு டாலர் நாற்பது சென்ட் என்றோம். அதைத் தன் சின்ன நோட்டில் எழுதி, பேனாவுக்கு மூடி போட்டுவிட்டு, “லெட் மீ ஸ்லீப் ஆன் இட்” என்று எழுந்து ஹோட்டலுக்குப் போய்விட்டார்.

முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. “என்ன தம்பி, தூங்கறேன்னுட்டுப் போறாரு? ரேட்டு புடிக்கலையாட்ட இருக்குது” என்றார். “யோசிச்சுச் சொல்றேங்கறாருங்க” என்று நான் மொழிபெயர்த்தேன். அவ்வளவுதான், அவர் தீர்மானித்துவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு என்னை உட்கார வைத்து, பன்னிரண்டு சென்ட் குறைத்து ஒரு மெயில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். காலையில் பையர் வந்து உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்தார். இரண்டு நாற்பதுக்குப் பக்கத்தில் ஒரு டிக், அதற்குக் கீழே முப்பதாயிரம் பீஸ் என்று எழுதியிருந்தது. மெயிலைக் காலைச் சாப்பாட்டின்போதுதான் பார்த்தாராம். நன்றி சொல்லி, குறைத்த ரேட்டுக்கே ஆர்டரைப் போட்டார். முப்பதாயிரம் பீஸுக்குப் பன்னிரண்டு சென்ட் என்றால் மூவாயிரத்து அறுநூறு டாலர். அன்றைய கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல்.

முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் என் மொழிபெயர்ப்பில்தான் கோளாறு என்று எனக்குத் தெரியும். “காலையில பதில் சொல்றேங்கறாருங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். ‘யோசிச்சு’ என்ற சொல்லில் எப்போது என்பது இல்லை. ‘ஸ்லீப் ஆன் இட்’டில் அது இருக்கிறது. ஒரு இரவு என்ற கெடு அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. சொன்னவர் நாளைக்கோ மறுநாளோ பதிலோடு திரும்பி வர வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சின் மரியாதை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

சரி, இனி பயன்பாடு. உங்களுக்காகச் சொல்லும்போது “ஐ வில் ஸ்லீப் ஆன் இட்”, கொஞ்சம் பணிவாக “கேன் ஐ ஸ்லீப் ஆன் இட்?” இறந்த காலத்தில் “ஐ ஸ்லெப்ட் ஆன் இட், அண்ட் ஐ திங்க் வீ ஷுட் கோ அஹெட்”. இந்தக் கடைசி வடிவம் மிகவும் பயனுள்ளது. முந்தின நாள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன், நிஜமாகவே யோசித்தேன் என்று எதிராளிக்குக் காட்டிவிடும். ‘இட்’ வரும் இடத்தில் பெயரையும் போடலாம்: “ஐ வான்ட் டு ஸ்லீப் ஆன் தி ஆஃபர்.” ஒரு இரவு போதாது என்றால் “லெட் மீ ஸ்லீப் ஆன் இட் ஓவர் தி வீக்கெண்ட்” என்று நீட்டிக்கொள்ளலாம். காலை பத்து மணிக்குக்கூட இதைச் சொல்லலாம். உடனே படுக்கப் போகிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தவருக்குச் சொல்லும்போது அது அறிவுரையாகிவிடும். “ஒய் டோண்ட் யூ ஸ்லீப் ஆன் இட்?” என்றால் “அவசரப்படாதீங்க, காலைல பேசிக்கலாம்” என்று அர்த்தம். கோபத்தில் வேலையை விடுகிறேன் என்று நிற்கும் நண்பரிடம், நள்ளிரவில் வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பப் போகும் தம்பியிடம் சொல்வதற்கு இதைவிட இதமான வாக்கியம் ஆங்கிலத்தில் குறைவு. அந்த முடிவு தப்பு என்று அது சொல்வதில்லை. முடிவு அவருடையதாகவே இருக்கிறது, நேரம் மட்டும்தான் தள்ளிப்போகிறது. நம் வீடுகளிலும் இதற்கு நல்ல வாக்கியம் உண்டு. சண்டை முற்றும்போது பெரியம்மா யாராவது வந்து, “இப்போ ஒண்ணும் பேச வேண்டாம், படுத்து எழுந்திருங்க, காலைல பேசிக்கலாம்” என்பார்கள். ‘ஸ்லீப் ஆன் இட்’டுக்கு ‘படுத்து எழுந்து’ என்பதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை. ‘ஆறப்போடு’ என்பது கிட்டத்தில் வரும். ஆனால் ஆறப்போட்ட விஷயம் மாதக்கணக்கில் ஆறிக்கொண்டே இருக்கலாம். அங்கேயும் கெடு கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் கவனிக்கத் தக்கது. அவகாசம் வேண்டும்போது நாம் பெரும்பாலும் “வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்” என்போம். முடிவை அப்பா, அண்ணன், மனைவி என்று பங்கு போடுகிறோம். ஆங்கிலத்தில் அவர் தன்னோடு மட்டும் பேசிக்கொள்ளப் போகிறார். ஸ்பானிய மொழியில் இதே கருத்துக்குத் ‘தலையணையோடு ஆலோசிப்பது’ என்பார்கள். அழகான சொல்லாட்சி. பிரெஞ்சுக்காரர்கள் ‘இரவு ஆலோசனை கொண்டுவரும்’ என்பார்கள். ரஷ்யப் பழமொழி ஒன்று ‘மாலையைவிடக் காலைக்கு அறிவு அதிகம்’ என்கிறது. ஜெர்மனில் ‘அதன் மேல் ஒரு இரவு தூங்கு’ என்று ஏறக்குறைய ஆங்கிலத்தைப் போலவே இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு வயது ஐந்நூறுக்கு மேல். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்து அரசு ஆவணங்களில், 1519-இல், ஒரு விஷயத்தின் மேல் தூங்கிக் கனவும் கண்டு பார்ப்பதாக மன்னர் சொன்னார் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. கனவு பின்னால் உதிர்ந்துவிட்டது, தூக்கம் மட்டும் நின்றுவிட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ‘ஸ்லீப் ஓவர் இட்’ இந்தியாவில் நிறைய காதில் விழும். ஹெச்.ஆருக்குப் புரிந்திருக்கும், கவலைப்பட வேண்டாம். ஆனால் இனி ‘ஆன்’ என்றே எழுதுங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வழக்கில் இருப்பது அதுதான். அங்கே ‘ஸ்லீப்ஓவர்’ என்றால் குழந்தைகள் தோழி வீட்டில் ராத்திரி தங்குவது.

‘ஓவர்’ வேண்டாம் என்பதற்கு நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய காரணம் உண்டு. நம் ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘ஆஃபிஷியல்ஸ் ஸ்லீப்பிங் ஓவர் தி ஃபைல்’ என்று வரும். அதிகாரிகள் கோப்பைக் கண்டுகொள்ளாமல் கிடப்பில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீதிமன்றத் தீர்ப்புகளிலும் ‘ஸ்லெப்ட் ஓவர் ஹிஸ் ரைட்ஸ்’ என்ற தொடர் அடிக்கடி வரும். தன் உரிமையைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் தூங்கிவிட்டார் என்று பொருள். விழித்திருப்பவருக்கே சட்டம் உதவும், உறங்குபவருக்கு அல்ல என்ற பழைய லத்தீன் வாசகத்திலிருந்து வந்த பேச்சு அது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி, கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான். அதற்குப் பிறகு போய் நின்றால் இந்தத் தொடரைத்தான் கேட்க வேண்டியிருக்கும். ஆக, சம்பள விஷயத்தில் நீங்கள் ‘ஸ்லீப் ஓவர்’ என்று எழுதினால், ‘அக்கறையில்லாமல் விட்டுவிடப் போகிறேன்’ என்ற வாடை லேசாக வந்துவிடும். ஒரு சின்ன முன்னிடைச் சொல்தான், ஆனால் நிதானத்தையும் அசட்டையையும் பிரிப்பது அதுதான்.

இது போதாதென்று, அமெரிக்கக் கொச்சைப் பேச்சில் ‘ஸ்லீப் ஆன்’ என்பதற்கே வேறு ஒரு பொருள் வந்துவிட்டது. “டோண்ட் ஸ்லீப் ஆன் திஸ் பிளேயர்” என்றால் ‘இந்த ஆட்டக்காரரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்’ என்று அர்த்தம். ஒரு பாட்டை “சோ ஸ்லெப்ட் ஆன்” என்று எழுதியிருந்தால், அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது பொருள். ஹிப்ஹாப் இசை, விளையாட்டு இரண்டையும் சுற்றிய பேச்சிலிருந்து பரவியது. யூடியூபில் நிறைய வரும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ‘ஆன்’னுக்குப் பின்னால் முடிவு எடுக்க வேண்டிய விஷயம் வந்தால் பழைய பொருள். ஒரு ஆளோ, கடையோ, பாட்டோ வந்தால், அதிலும் முன்னால் ‘டோண்ட்’ இருந்தால், புதிய பொருள். லீட்ஸ்காரர் ‘லெட் மீ’ என்று தொடங்கியதால் அங்கே குழப்பத்துக்கு இடமே இல்லை.

பக்கத்தில் இருக்கும் வேறு இரண்டையும் சொல்லிவிடுகிறேன், கலந்துவிட வேண்டாம். ‘டோண்ட் லூஸ் ஸ்லீப் ஓவர் இட்’ என்றால் ‘அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே’. அங்கே ‘ஓவர்’ சரி. ‘ஸ்லீப் இட் ஆஃப்’ என்றால் போதையையோ தலைவலியையோ தூங்கிப் போக்கிக்கொள்வது.

தமிழில் ‘தூங்கு’ என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. இன்று அதற்கு உறங்குவது என்றே பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் தொங்குவது, தாமதிப்பது என்ற பொருள்களில் அது வாழ்ந்திருக்கிறது. தொங்கும் கூடு கட்டுவதால்தான் தூக்கணாங்குருவி. திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரத்தில், 672-ஆவது குறள்:

தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை.

காலம் எடுத்துச் செய்ய வேண்டியவற்றைக் காலம் எடுத்துச் செய்க, உடனே செய்ய வேண்டியவற்றில் தாமதிக்காதே என்கிறது. இங்கே தூங்குதல் என்பது நீட்டித்தல். படுக்கையில் தூங்குவது அல்ல. ஆனாலும் இன்றைய காதால் கேட்கும்போது, முதல் பாதி ‘ஸ்லீப் ஆன் இட்’, இரண்டாம் பாதி ‘டோண்ட் ஸ்லீப் ஓவர் இட்’ என்று அப்படியே பொருந்தி நிற்கிறது. ஆங்கிலத்தில் ஒரு முன்னிடைச் சொல் செய்கிற வேலையை, இங்கே ‘செய்யும் வினை எது’ என்ற பகுப்பு செய்கிறது. “ஃபைல் ஆபீஸ்ல தூங்குது” என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதில் இந்தப் பழைய பொருளின் மிச்சம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

தூங்கினால் நிஜமாகவே தெளிவு வருமா? ஓரளவுக்கு வரும் என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஜெர்மனியில் லூபெக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. எண்களை வைத்து ஒரு புதிர் கொடுத்தார்கள். அதை வேகமாக முடிக்க ஒரு குறுக்குவழி உள்ளே ஒளிந்திருந்தது, அதைச் சொல்லவில்லை. பழகிய பிறகு எட்டு மணி நேரம் தூங்கி வந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தவர்களில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே கண்டுபிடித்தார்கள். புதிருக்கு வந்த பலன் கொட்டேஷனுக்கும் வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் முந்தின நாள் கண்ணில் படாத ஒன்று காலையில் கண்ணில் படும் என்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு.

ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானியின் கதையும் இங்கே பொருந்தும். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் இருந்தவர். நரம்பு இதயத்துக்குச் செய்தியை ரசாயனம் மூலம் அனுப்புகிறதா என்பதை நிரூபிக்கும் சோதனை ஒன்று தூக்கத்தில் தோன்ற, எழுந்து ஒரு தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை மறுபடி வந்தது. இந்தத் தடவை படுக்கவில்லை, நேரே சோதனைச் சாலைக்குப் போய் இரண்டு தவளை இதயங்களை வைத்துச் செய்து பார்த்தார். 1921-இல் அதை வெளியிட்டார், 1936-இல் நோபல் பரிசு பெற்றார். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

விற்பவர்களுக்கு இந்தத் தொடர் பிடிக்காது. “இன்னைக்கு மட்டும்தான் சார் இந்த ஆஃபர்” என்பதே, நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அதனால்தான் சில இடங்களில் சட்டமே அந்த இரவை வாங்கிக் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு வாசலுக்கு வந்து விற்றுவிட்டுப் போன பொருளை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்ய விதி இருக்கிறது. நம் நாட்டில் ஆயுள் காப்பீட்டு பாலிசி கைக்கு வந்ததும் படித்துப் பார்த்து, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்க ‘ஃப்ரீ லுக்’ காலம் உண்டு. 2024 முதல் அது 30 நாள். ஏஜெண்ட் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அதற்குள் யோசித்துக்கொள்ளலாம். தெரியாதவர்கள் நிறைய பேர், தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.

எங்கே சொல்லக் கூடாது என்பதும் முக்கியம். ஏற்கெனவே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டுச் சொல்லக் கூடாது. ஆங்கிலக்காரர் நாளைக்குக் காத்திருப்பார், பதில் வராவிட்டால் உங்களை வாக்குத் தவறியவராக எண்ணிக்கொள்வார். “தாங்க்ஸ், பட் இட்ஸ் நாட் ஃபார் மீ” என்று அப்போதே சொல்லிவிடுவதுதான் அவர்களிடம் மரியாதை. மதியம் என்ன சாப்பிடலாம் போன்ற சின்ன விஷயத்துக்கும் சொல்லக் கூடாது, கேட்க வேடிக்கையாக இருக்கும். எதிராளி இன்று மாலைக்குள் பதில் வேண்டும் என்று காரணத்தோடு கேட்டிருந்தால், “கேன் ஐ ஹாவ் அன் அவர்?” என்று ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி லீட்ஸ்காரர் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது. இன்று ஒன்றும் அனுப்பாதீர்கள். முக்கியமாக, விலையைத் தொடாதீர்கள். நாளை நம் நேரத்துக்கு மாலை வரை பொறுங்கள். லீட்ஸில் அப்போதுதான் காலை வேலை சூடுபிடித்திருக்கும். பதில் வராவிட்டால் மறுநாள் இரண்டே வரி: “ஹோப் யூ ஹாட் எ சான்ஸ் டு ஸ்லீப் ஆன் இட். ஹேப்பி டு ஆன்சர் எனி க்வெஸ்சன்ஸ்.” அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்வதால் நச்சரிப்பாகத் தெரியாது. அதற்கும் ஒரு வாரம் பதில் இல்லையென்றால் டீம் லீட் சொன்ன அடுத்த ஆளைப் பார்க்கலாம். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.